எரிபொருள் அழுத்த உணரி மின்சுற்றுப் பழுதறிதல்

எரிபொருள் அழுத்த உணரி மின்சுற்றுப் பழுதறிதல் என்பது, தானுந்துப் பொறியின் எரிபொருட் குழாயில் நிலவும் அழுத்தத்தை அளக்கும் உணரியிலோ, அவ்வுணரியைப் பொறிக் கட்டுப்பாட்டு அலகுடன் இணைக்கும் கம்பிகளிலோ, அந்த அலகிலோ ஏற்படும் மின்பழுதின் இடத்தை அளவீடுகள் மூலம் கண்டறியும் முறையாகும். இவ்வுணரி பட்டறைகளில் "ரெயில் பிரஷர் சென்சார்" என்று வழங்கப்படுகிறது. காமன் ரெயில் முறையில் இயங்கும் டீசல் தானுந்துகளிலும், எரிகலனுக்குள் நேரடியாகப் பெட்ரோலைச் செலுத்தும் தானுந்துகளிலும் இது காணப்படுகிறது. உறிஞ்சு குழாயில் பெட்ரோலைச் செலுத்தும் பழைய வகைப் பொறிகள் பெரும்பாலானவற்றில் இவ்வுணரி இல்லை.

இவ்வுணரியின் மின்சுற்றில் பழுது ஏற்பட்டால் பொறி கிளம்பாமல் போகலாம், ஓடும்போது நின்றுவிடலாம், அல்லது வேகம் கூடாமல் தடுமாறலாம். எரிபொருள் வடிகட்டி அடைத்துக்கொண்டாலும், உயரழுத்த எக்கி தேய்ந்தாலும் இவையே அறிகுறிகள் ஆகும். எனவே அளக்காமல் உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது வீண்செலவில் முடிவது வழக்கம். சில வடிவமைப்புகளில் உணரி தனியாக விற்கப்படுவதில்லை. குழாயுடன் சேர்த்தே வாங்க வேண்டியுள்ளது. கப்ளரில் பச்சை பூத்த ஒரு முனைக்காக முழுக் குழாயையும் மாற்றும் நிலை இதனால் உண்டாகிறது.

கடலூர், சிதம்பரம் போன்ற கரையோர ஊர்களில் உப்புக் காற்று, வெள்ளம், வயல் எலிகள் ஆகிய மூன்று காரணங்களால் இவ்வகைப் பழுதில் உணரியை விடக் கம்பியையும் கப்ளரையும் முதலில் ஐயுறுவது பொருத்தமாகும்.

வரலாறு

காமன் ரெயில் முறையில் உயரழுத்த எக்கி ஒன்று டீசலைப் பொதுவான தடித்த குழாய் ஒன்றில் சேமிக்கிறது. அக்குழாயிலிருந்து இன்ஜெக்டர்கள் மின்கட்டளைப்படி எரிபொருளைப் பெறுகின்றன. சப்பானின் டென்சோ நிறுவனத்தின் இத்தகைய அமைப்பு 1995 இல் ஹினோ சரக்குந்துகளில் பயன்பாட்டுக்கு வந்தது. பயணியர் தானுந்துகளில் 1997 இல் ஆல்ஃபா ரோமியோ 156 வண்டியில் இது முதலில் விற்பனைக்கு வந்தது. அவ்வமைப்பின் தொடக்கநிலை ஆய்வுகளை ஃபியட் குழுமம் செய்தது. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் அதனை உற்பத்தி நிலைக்குக் கொண்டுவந்தது. பாஷின் முதல் தலைமுறை அமைப்பின் உச்ச அழுத்தம் 1350 பார் ஆகும். அடுத்த தலைமுறையில் இது 1600 பாராக உயர்ந்தது. பிற்காலத்து அமைப்புகள் 2000 பாரையும் கடந்துள்ளன. ஒப்பீட்டுக்காக, தானுந்துச் சக்கரத்தில் உள்ள காற்றழுத்தம் ஏறத்தாழ 2 பார் மட்டுமே.

இந்தியாவில் திருப்பெரும்புதூருக்கு அருகில் இருங்காட்டுக்கோட்டையில் ஆலை கொண்ட ஹூண்டாய் நிறுவனம் 2002 இல் ஆக்சென்ட் வண்டியின் காமன் ரெயில் வகையை அறிமுகப்படுத்தியது. 2007 இல் மாருதி சுசுகியின் ஸ்விஃப்ட் டீசல் வந்த பின்னர் இம்முறை சிற்றூர்ப் பட்டறைகளுக்கும் பழக்கமானது. மாருதி நிறுவனம் 2020 ஏப்ரலில் டீசல் தானுந்துகளின் உற்பத்தியை நிறுத்திவிட்ட போதிலும், அவ்வண்டிகள் பல இன்றும் ஓடுகின்றன. அவற்றின் கம்பிக் கட்டுகள் முதிர்ந்துள்ளமையால் மின்சுற்றுப் பழுதுகளும் எதிர்பார்க்கத்தக்கவையே.

பழுதுக் குறியீடுகளை ஊர்தியே பதிந்து வைக்கும் ஓபிடி முறை இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 தரநிலையுடன் கட்டாயமானது. இத்தரநிலை 2010 இல் 13 நகரங்களில் நடைமுறைக்கு வந்தது. அவற்றுள் தமிழ்நாட்டைச் சேர்ந்தது சென்னை மட்டுமே. 2017 ஏப்ரல் 1 அன்று அது நாடு முழுவதற்கும் விரிவானது. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 நடைமுறையில் உள்ளது. பழைய வண்டிகள் சிலவற்றில் பொதுவான ஸ்கேனர் குறியீட்டைக் காட்டாமல் போகலாம். அவற்றுக்கு உற்பத்தியாளரின் கருவி தேவைப்படும்.

உணரியின் அமைப்பு

உணரியின் அடிப்பகுதி குழாயில் திருகப்பட்டிருக்கும். எரிபொருள் ஓர் எஃகுச் சவ்வை அழுத்துகிறது. சவ்வின் மறுபுறத்தில் பதிக்கப்பட்டுள்ள மின்தடையங்கள், சவ்வு வளையும்போது தம் தடையை மாற்றிக்கொள்கின்றன. இத்தடையங்கள் பாலம் போன்ற சுற்றாக இணைக்கப்பட்டிருப்பதால் மில்லிவோல்ட்டு அளவிலான சிறு மின்னழுத்தம் தோன்றுகிறது. உணரிக்குள் இருக்கும் மின்னணுச் சுற்று இதனைப் பெருக்கி வெளியே அனுப்புகிறது.

வழமையான உணரியில் மூன்று கம்பிகள் உள்ளன.

1. மேற்கோள் கம்பி: கட்டுப்பாட்டு அலகிலிருந்து 5 வோல்ட்டு மின்னழுத்தத்தைக் கொண்டுவருகிறது.
2. எர்த் கம்பி: கட்டுப்பாட்டு அலகின் உள்ளே உள்ள உணரி எர்த்துடன் இணைகிறது. இது வண்டியின் உடற்பகுதியில் நேராக முடுக்கப்படுவதில்லை.
3. குறிகைக் கம்பி: அழுத்தத்திற்கு ஏற்ற மின்னழுத்தத்தைக் கட்டுப்பாட்டு அலகுக்குத் திருப்பி அனுப்புகிறது.

கம்பிகளின் நிறமும் கப்ளரில் அவற்றின் வரிசையும் வண்டிக்கு வண்டி மாறுபடும். ஆகவே குறித்த வண்டியின் வயரிங் படத்தைப் பார்த்த பின்னரே அளக்கத் தொடங்க வேண்டும்.

அழுத்தமும் மின்னழுத்தமும்

அழுத்தம் இல்லாதபோது குறிகை ஏறத்தாழ 0.5 வோல்ட்டாகவும், உணரியின் உச்ச அளவில் 4.5 வோல்ட்டாகவும் இருப்பது பொதுவான வடிவமைப்பு ஆகும். 0 முதல் 1800 பார் வரை அளக்கும் உணரி ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொண்டால் மதிப்புகள் பின்வருமாறு அமையும்.

0 பார் – 0.50 வோல்ட்டு
300 பார் – 1.17 வோல்ட்டு
600 பார் – 1.83 வோல்ட்டு
900 பார் – 2.50 வோல்ட்டு
1350 பார் – 3.50 வோல்ட்டு
1600 பார் – 4.06 வோல்ட்டு
1800 பார் – 4.50 வோல்ட்டு

அதாவது ஒரு வோல்ட்டு மாற்றம் 450 பார் மாற்றத்தைக் குறிக்கிறது. 0 வோல்ட்டையும் 5 வோல்ட்டையும் எந்த அழுத்தத்திற்கும் ஒதுக்காமல் விட்டதற்குக் காரணம் உண்டு. குறிகை 0.5 வோல்ட்டுக்கு மிகக் கீழேயோ 4.5 வோல்ட்டுக்கு மிக மேலேயோ சென்றால், அது அழுத்தத்தின் அளவு அன்று, மின்சுற்றின் பழுது என்பதைக் கட்டுப்பாட்டு அலகு உடனே உணர்ந்துகொள்கிறது.

பழுதுக் குறியீடுகள்

இவ்வுணரி தொடர்பான பொதுக் குறியீடுகள் வருமாறு.

பி0190 – மின்சுற்றில் பழுது
பி0191 – அளவு எதிர்பார்க்கும் எல்லைக்குள் பொருந்தவில்லை
பி0192 – குறிகை மிகக் குறைவு
பி0193 – குறிகை மிக அதிகம்
பி0194 – விட்டுவிட்டுத் தோன்றும் பழுது

இவற்றுடன் பி0087 (குழாயில் அழுத்தம் போதவில்லை), பி0088 (அழுத்தம் மிகுந்துவிட்டது) ஆகிய இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. முதல் ஐந்தும் அளவியைப் பற்றியவை. பின்னிரண்டும் அளவி கூறிய செய்தியைப் பற்றியவை. பி0087 மட்டும் தனியே வந்தால் வடிகட்டி அடைப்பு, டீசலில் நீர், காற்று புகுதல், எக்கித் தேய்மானம், இன்ஜெக்டர் திரும்பு கசிவு ஆகியவற்றை முதலில் ஆராய வேண்டும். எனினும் பொய்யான குறிகையும் பி0087, பி0088 குறியீடுகளைத் தோற்றுவிக்கக் கூடும் என்பதை மறக்கலாகாது.

எந்தக் குறியீடும் "உணரியை மாற்றுக" என்று பொருள்படாது. கட்டுப்பாட்டு அலகு தன் முனையில் வந்து சேரும் மின்னழுத்தத்தை மட்டுமே அறியும். அம்மின்னழுத்தம் எவ்விடத்தில் கெட்டது என்பதை அது அறியாது.

பாதுகாப்பு

பொறி ஓடும்போது குழாயில் உள்ள டீசல் தோலைத் துளைத்து உட்புகும் வலிமை உடையது. கசிவைத் தேடுவதற்காகக் கையால் குழாயைத் தடவிப் பார்த்தல் பேரிடர் தரும் செயலாகும். கசிவை அட்டை அல்லது மரத்துண்டைக் கொண்டு தொலைவிலிருந்தே கண்டறிய வேண்டும். உயரழுத்தக் குழாயின் நட்டை, பழைய எக்கி முறையில் காற்றெடுப்பதற்குத் தளர்த்தியது போல, பொறி சுழலும்போது தளர்த்தவே கூடாது.

டீசல் தோலினுள் புகுந்தால் தொடக்கத்தில் ஊசி குத்திய புள்ளி அளவே தெரியும். வலியும் குறைவாக இருக்கலாம். ஆனால் உள்ளே திசுக்கள் அழியத் தொடங்கிவிடும். விரலையோ கையையோ இழக்கும் நிலை வரலாம். இது அறுவை மருத்துவம் தேவைப்படும் அவசரநிலை ஆகும். காயம் சிறிது என்று காத்திராமல், "உயரழுத்த டீசல் உட்புகுந்தது" என்று தெளிவாகக் கூறி, அறுவை வசதியுள்ள மருத்துவமனையை உடனே நாட வேண்டும்.

மின்சுற்றை அளக்கும் பணிகள் பெரும்பாலும் பொறியை நிறுத்திய நிலையிலேயே செய்யத்தக்கவை. உணரியைக் கழற்ற வேண்டி வந்தால், பொறியை நிறுத்திய பின் கையேட்டில் கூறப்பட்டுள்ள நேரம் வரை காத்திருந்து, ஸ்கேனரில் அழுத்தம் இறங்கியதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். பழுதடைந்த உணரியின் அளவை மட்டும் நம்பிக் குழாயைத் திறத்தல் தவறு. காத்திருக்கும் நேரத்தைக் குறைக்கவும் கூடாது.

கருவிகள்

எண்மானி வகை மல்டிமீட்டர், நேரடித் தரவு காட்டும் ஸ்கேனர், கப்ளரின் பின்புறமாக நுழைக்கத்தக்க மெல்லிய ஊசிமுனைகள், வயரிங் படம் ஆகிய நான்கும் போதுமானவை. பல்பு பொருத்திய டெஸ்ட் லாம்பினை 5 வோல்ட்டுக் கம்பியில் பயன்படுத்தக் கூடாது. அது இழுக்கும் மின்னோட்டம் கட்டுப்பாட்டு அலகைக் கெடுக்கலாம்.

கம்பியின் மேலுறையை ஊசியால் குத்தி அளக்கும் பழக்கம் கரையோர ஊர்களில் தவிர்க்கத்தக்கது. அந்தத் துளையின் வழியாக ஈரமும் உப்பும் புகுந்து, சில மாதங்களில் செப்பு இழைகள் உள்ளேயே கருத்து அற்றுப்போகும். இன்றைய சோதனையே நாளைய பழுதாகிவிடும்.

பழுதறியும் படிகள்

படி 1: தரவுகளைப் பதிதல்

குறியீடுகளை அழிக்கும் முன் அனைத்தையும் எழுதி வைக்க வேண்டும். பழுது தோன்றிய கணத்தில் இருந்த வேகம், வெப்பநிலை, அழுத்தம் ஆகியவற்றையும் கட்டுப்பாட்டு அலகு சேமித்து வைத்திருக்கும். பிற உணரிகளின் குறியீடுகளும் உடன் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். ஒரே 5 வோல்ட்டு வழங்கலை வேறு உணரிகளும் பகிர்ந்துகொள்ளும் வண்டிகள் பல உள்ளன. இரண்டு மூன்று உணரிகள் ஒரே வேளையில் பழுதாகத் தோன்றினால் அவை அனைத்தும் கெட்டுவிட்டன என்பதை விட, பொது வழங்கல் கெட்டது என்பதே பெரிதும் பொருந்தும்.

படி 2: கண்ணால் பார்த்தல்

கப்ளரைக் கழற்றி, பச்சை அல்லது வெண்ணிறப் பூப்பு, வளைந்த முள், அகன்றுபோன பெண்முனை, நீர், டீசல் ஆகியவை உள்ளனவா என்று நோக்க வேண்டும். கம்பிக் கட்டு பொறியின் கூர்விளிம்புகளில் உரசும் இடங்களையும், எலி கடித்த தடங்களையும் தேட வேண்டும்.

படி 3: சுழிய அழுத்தச் சோதனை

பொறி நின்று குழாயின் அழுத்தம் முற்றிலும் இறங்கிய பின், சாவியைத் திருப்பிப் பொறியைக் கிளப்பாமல் விட வேண்டும். இந்நிலையில் ஸ்கேனர் 0 பாருக்கு மிக அருகிலும், குறிகைக் கம்பி ஏறத்தாழ 0.5 வோல்ட்டும் காட்ட வேண்டும். இரவு முழுவதும் நின்ற வண்டியில் 80 பார் தெரிந்தால் அது உண்மையான அழுத்தமாக இருக்க இயலாது. அளவி பொய் சொல்கிறது என்பது அங்கேயே உறுதியாகிறது.

படி 4: கப்ளரைக் கழற்றிய நிலை

கப்ளரைக் கழற்றியதும் ஸ்கேனரில் குறிகையின் மின்னழுத்தம் ஒரு முனைக்குத் தாவ வேண்டும். கட்டுப்பாட்டு அலகினுள் குறிகைக் கம்பியை 5 வோல்ட்டு நோக்கி இழுக்கும் மின்தடையம் இருந்தால் அளவு 5 வோல்ட்டை நெருங்கும். எர்த் நோக்கி இழுப்பதாக இருந்தால் 0 வோல்ட்டை நெருங்கும். முதல் வகை வண்டியில், கழற்றிய கப்ளரின் குறிகை முனையையும் எர்த் முனையையும் ஒரு சிறு கம்பியால் இணைத்தால் அளவு 0 வோல்ட்டுக்கு இறங்க வேண்டும். இவ்விரு மாற்றங்களும் நிகழ்ந்தால் குறிகைக் கம்பி, எர்த் கம்பி, கட்டுப்பாட்டு அலகின் உள்ளீடு ஆகிய மூன்றும் பொதுவாக நலமே. எந்த மாற்றமும் நிகழாவிட்டால் பழுது உணரியில் இல்லை. கம்பியிலோ அலகிலோ உள்ளது. இணைக்கும்போது 5 வோல்ட்டு முனையைத் தொட்டுவிடாமல் வயரிங் படத்துடன் ஒருமுறைக்கு இருமுறை சரிபார்க்க வேண்டும்.

படி 5: வழங்கலையும் எர்த்தையும் சுமையுடன் அளத்தல்

இப்படியே பெரும்பாலும் தவறவிடப்படுகிறது. கப்ளரைக் கழற்றி வைத்துக்கொண்டு 5 வோல்ட்டு வருகிறதா என்று பார்ப்பது மட்டும் போதாது. மல்டிமீட்டர் மிகச் சிறிய மின்னோட்டத்தையே இழுப்பதால், அரித்துப்போன கம்பியிலும் 5.00 வோல்ட்டு காட்டும். கப்ளரை மாட்டி, உணரி மின்னோட்டம் இழுக்கும்போது பின்புறமாக அளந்தால்தான் குறைபாடு வெளிப்படும். உணரி 10 மில்லியாம்பியர் இழுப்பதாகக் கொண்டால், 20 ஓம் அரிப்பு 0.2 வோல்ட்டையும், 50 ஓம் அரிப்பு 0.5 வோல்ட்டையும் விழுங்கிவிடும்.

மல்டிமீட்டரின் கருப்பு முனையை மின்கலத்தின் எதிர் முனையில் வைத்து, உணரியின் எர்த் கம்பியை அளக்க வேண்டும். சில பத்து மில்லிவோல்ட்டுகளுக்குள் இருப்பின் நன்று. அதன் பின்னர் உணரியின் மேற்கோள் முனைக்கும் எர்த் முனைக்கும் இடையே நேராக அளக்க வேண்டும். இவ்வளவு 5 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும்.

படி 6: குறுஞ்சுற்றைப் பிரித்தறிதல்

மேற்கோள் கம்பியில் 5 வோல்ட்டே இல்லை எனில், அவ்வழங்கலைப் பகிரும் உணரிகளின் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். எதைக் கழற்றியதும் 5 வோல்ட்டு திரும்புகிறதோ, அதுவே வழங்கலை வீழ்த்திய உணரி. அனைத்தையும் கழற்றியும் திரும்பாவிட்டால், மின்கலத்தைத் துண்டித்து, கட்டுப்பாட்டு அலகின் கப்ளரையும் எடுத்துவிட்டு, மேற்கோள் கம்பிக்கும் உடற்பகுதிக்கும் இடையே தடையை அளக்க வேண்டும். தொடர்பு காட்டினால் கம்பி எங்கோ உடற்பகுதியைத் தொடுகிறது.

படி 7: அசைத்துப் பார்த்தல்

விட்டுவிட்டு வரும் பழுதுக்கு, ஸ்கேனரில் அழுத்தத்தைப் பார்த்தபடியே கம்பிக் கட்டைச் சிறு சிறு பகுதிகளாக அசைக்க வேண்டும். பொறி நின்ற நிலையில் அளவு துள்ளினால் அசைத்த இடத்தை ஒட்டியே முறிவு உள்ளது.

படி 8: உணரியைத் தீர்மானித்தல்

வழங்கல், எர்த், குறிகைக் கம்பி ஆகிய மூன்றும் நலமாக இருந்தும் சுழிய அழுத்தத்தில் குறிகை பிறழ்ந்திருந்தால் உணரியே பழுது. இந்நிலையில் மட்டுமே அதனை மாற்றுதல் முறையாகும்.

படி 9: பழுது நீங்கியதை உறுதிசெய்தல்

குறியீட்டை அழித்து, பொறியைச் சூடாக்கி, சுமையுடன் ஓட்டிப் பார்க்க வேண்டும். கட்டுப்பாட்டு அலகு கேட்கும் அழுத்தமும் உணரி காட்டும் அழுத்தமும் ஒட்டியே செல்ல வேண்டும். புதிய உணரியைப் பொருத்தினால் சில வண்டிகளில் பழைய திருத்த மதிப்புகளை ஸ்கேனர் மூலம் அழிக்க வேண்டியிருக்கும்.

எந்தக் கம்பி கெட்டால் என்ன நேரும்

முற்றிலும் அறுந்த கம்பியைக் கட்டுப்பாட்டு அலகு எளிதில் கண்டுகொள்ளும். அது எச்சரிக்கை விளக்கை எரியவைத்து, ஆற்றலைக் குறைக்கும் அல்லது பொறியை நிறுத்திவிடும். பாதி அரித்த கம்பியே ஏமாற்றக்கூடியது. குறியீடு எதுவும் தோன்றாமலேயே அளவு பிறழும். மேலே கூறிய 1800 பார் உணரியைக் கொண்டு இதனைக் கணக்கிடலாம்.

எர்த் கம்பியில் 0.2 வோல்ட்டு இழப்பு இருந்தால், சுழிய அழுத்தத்தில் குறிகை 0.68 வோல்ட்டு ஆகும். ஸ்கேனர் ஏறத்தாழ 80 பார் என்று காட்டும். கட்டுப்பாட்டு அலகு 300 பார் வேண்டும் என்று கருதும்போது குழாயில் உண்மையில் ஏறத்தாழ 230 பாரே இருக்கும். பொறி கிளம்பக் காலம் எடுக்கும், நிலையோட்டத்தில் நடுங்கும். ஆனால் 1600 பாரில் பிழை 20 பாருக்கும் குறைவு என்பதால் ஓட்டத்தில் குறை தெரியாது. "காலையில் மட்டும் தகராறு, ஓட்டினால் சரி" என்ற முறையீட்டுக்கு இது ஒரு விளக்கம் ஆகும்.

மேற்கோள் கம்பியில் 0.5 வோல்ட்டு இழப்பு இருந்தால் நிலைமை நேர்மாறானது. சுழிய அழுத்தத்தில் குறிகை 0.45 வோல்ட்டு, இது நலமான அளவை ஒட்டியே இருப்பதால் ஐயம் எழாது. ஆனால் 1600 பார் என்று உணரி கூறும்போது குழாயில் உண்மையில் ஏறத்தாழ 1800 பார் இருக்கும். பொறி கரடுமுரடாக ஓசையிடும். எக்கி, இன்ஜெக்டர், குழாய் இணைப்புகள் ஆகியன தாங்கவேண்டிய அளவுக்கு மேல் உழைக்கும். குழாயில் அழுத்த வரம்புத் தடுக்கிதழ் இருப்பின் அது திறந்து பொறியின் ஆற்றல் திடீரென வீழலாம். கட்டுப்பாட்டு அலகின் கண்ணுக்கோ அனைத்தும் ஒழுங்காகவே தெரியும்.

இதிலிருந்து பெறப்படும் முடிவு: சுழிய அழுத்தச் சோதனை எர்த் பழுதை எளிதில் காட்டிக்கொடுக்கும், மேற்கோள் கம்பியின் பழுதைக் காட்டாது. அதற்குப் படி 5 இன்றியமையாதது.

கடலூர், சிதம்பரம் வட்டாரச் சூழல்

கடலூர் வங்காள விரிகுடாவின் கரையில் கெடிலம், தென்பெண்ணை ஆறுகள் கடலில் கலக்கும் இடத்தில் அமைந்துள்ளது. சிதம்பரம் வடக்கே வெள்ளாற்றுக்கும் தெற்கே கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட நெல்வயல் சமவெளியில் உள்ளது. இரு ஊர்களையும் இணைக்கும் நெடுஞ்சாலை முன்னர் தேசிய நெடுஞ்சாலை 45ஏ என்றும், தற்போது 32 என்றும் எண்ணிடப்பட்டுள்ளது.

இவ்வட்டாரத்தில் வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. 2015 நவம்பர், டிசம்பர் மாதங்களில் மாவட்டம் பெருவெள்ளத்தைச் சந்தித்தது. 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பின், சாத்தனூர் அணையிலிருந்து திறக்கப்பட்ட நீரால் தென்பெண்ணையில் வெள்ளம் பெருகிக் கடலூரின் தாழ்ந்த பகுதிகளில் நீர் புகுந்தது.

வெள்ளநீர் புகுந்த வண்டியில் கப்ளர் உடனே பழுதடைவதில்லை. நீர் வற்றிய பின் எஞ்சும் உப்பும் வண்டலும், முனைகளில் மின்னழுத்தம் இருக்கும் போதெல்லாம் அரிப்பை விரைவுபடுத்துகின்றன. கம்பியின் முனையில் புகுந்த ஈரம் இழைகளின் இடைவெளி வழியாக மேலுறைக்குள் ஊர்ந்து செல்வதும் உண்டு. ஆகவே வெள்ளத்துக்குச் சில வாரங்கள் அல்லது மாதங்கள் கழித்தே பழுது வெளிப்படக்கூடும். வண்டியின் உரிமையாளர் அப்போது வெள்ளத்தை மறந்திருப்பார். "மழைக்காலத்தில் வண்டி எங்கே நின்றது?" என்ற வினாவைப் பழுதுநீக்குநர் முதலிலேயே கேட்பது நலம்.

அறுவடைக் காலத்தில் வயலோரம் நிறுத்தப்படும் வண்டிகளில் எலிகள் கம்பிகளைக் கடிப்பதும் வழமையான நிகழ்வாகும். கடித்த கம்பியை முறுக்கி நாடா சுற்றுதல் இந்த ஈரக் காற்றில் நிலைக்காது. பற்றவைத்து அல்லது முறையான இணைப்புக் குழலால் இறுக்கி, பசை உள்ளுறை கொண்ட வெப்பச் சுருங்கு குழாயால் மூடுதல் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

பின்வருவது விளக்கத்துக்காக அமைக்கப்பட்ட கற்பனை நிகழ்வு ஆகும். கடலூரில் வெள்ளநீரில் ஓரிரவு நின்ற டீசல் தானுந்து ஒன்று, இரண்டு மாதங்கள் கழித்துக் காலையில் கிளம்பச் சிரமப்படுகிறது. சிதம்பரம் வரை சென்றால் குறை எதுவும் தெரிவதில்லை. வடிகட்டி மாற்றப்பட்டும் பயனில்லை. ஸ்கேனரில் பி0191 உள்ளது. இரவு முழுவதும் நின்ற வண்டியில் 81 பார் தெரிகிறது. கப்ளரைக் கழற்றியதும் அளவு உச்சத்துக்குத் தாவுகிறது. குறிகையையும் எர்த்தையும் இணைத்ததும் அடிமட்டத்துக்கு வருகிறது. இதுவரை கம்பிகள் நலம் என்றே தோன்றும். உணரியை மாற்றும் எண்ணமும் எழும். ஆனால் கப்ளரை மாட்டிய நிலையில் எர்த் கம்பியை அளந்தால் 0.2 வோல்ட்டு காட்டுகிறது. எர்த் முனையை ஆராய்ந்தால் கம்பி நுழையும் இடத்தில் பச்சை பூத்துள்ளது. அம்முனையை மாற்றியதும் அளவு 0.5 வோல்ட்டுக்குத் திரும்புகிறது. வண்டி முதல் சுழற்சியிலேயே கிளம்புகிறது. செலவு ஒரு கப்ளர் முனையும் அரைமணி நேர உழைப்பும் மட்டுமே.

படி 4 ஏன் ஏமாற்றியது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அச்சோதனையில் கம்பி வழியே ஓடுவது மிகச் சிறிய மின்னோட்டம் ஆகும். 20 ஓம் தடை அதற்கு ஒரு பொருட்டே அன்று. உணரி தனக்குரிய மின்னோட்டத்தை இழுக்கும்போதே அத்தடை தன்னைக் காட்டிக்கொண்டது.

தடுப்பு முறைகள்

1. பொறி அறையை உயரழுத்த நீரால் கழுவுவதைத் தவிர்த்தல்.
2. கப்ளரின் ரப்பர் வளையம் கிழிந்திருந்தால் மாற்றுதல். முனைகளில் மின்கடத்தாப் பசையை மெல்லிதாக இடுதல்.
3. வெள்ளத்தில் நின்ற வண்டியின் மின்கலத்தை உடனே துண்டித்தல். சாவியைத் திருப்பிப் பார்க்காதிருத்தல். கப்ளர்களை நன்னீரால் அலசி உலர்த்திய பின்னரே மின்கலத்தை இணைத்தல்.
4. வடிகட்டியில் தேங்கும் நீரை உரிய காலத்தில் வடித்தல். இது மின்சுற்றைக் காக்காது எனினும், அதே அறிகுறிகளைத் தரும் எரிபொருட் பழுதுகளை விலக்கும்.

இவற்றையும் பார்க்கவும்

உணரி
டீசல் பொறி
காமன் ரெயில்
மல்டிமீட்டர்
பாரத் ஸ்டேஜ் தரநிலைகள்
கடலூர் மாவட்டம்